படத்தை விட உயர்ந்து நிற்கும் நிறப்பட்டை: எந்த வழியில் சரிசெய்வது?

திருகோணமலைத் துறைமுக வாயிலிலிருந்து கிழக்கே கடலடித் தரையை வரைந்தால் படம் அகலமாகத்தான் வரும். கரைப்பக்கத்தில் கொட்டியாரக் குடா, வெளியே ஆழ்கடற் பள்ளத்தாக்கு. இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டுமென்று நெட்டாங்கு 81.0 முதல் 82.2 பாகை வரையும் அகலாங்கு 8.4 முதல் 8.8 பாகை வரையும் வெட்டி எடுக்கிறோம் என்று வையுங்கள். ஜெப்கோ என்ற உலகளாவிய கடலடித் தரவின் கட்டம் 15 வில்செக்கன், அதாவது பாகைக்கு 240 கட்டம். ஆக 288 நிரல், 96 நிரை. மூன்றுக்கு ஒன்று.

இதை பைதான் மொழியின் வரைபட நூலகமான மட்பிளொட்லிப்பில், எண் அட்டவணையை நிறப்படமாக்கும் இம்ஷோவால் வரைந்து, எந்த நிறம் எந்த ஆழம் என்று காட்டும் நிறப்பட்டைக்காக அளவு எதுவும் சொல்லாமல் கலர்பார் கட்டளையைக் கொடுத்தால், படம் நடுவில் ஒரு பட்டிபோலக் கிடக்கும். பக்கத்தில் நிறப்பட்டை கொடிமரம்போல உயர்ந்து நிற்கும். ஆய்வறிக்கை எழுதுகிற மாணவர் அனேகமாக எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. இணையத்தில் தேடினால் ஆறேழு விடை கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒருவருக்கு வேலை செய்திருக்கும், உங்கள் படத்துக்கு மட்டும் வேலை செய்யாது. எந்த விடை எப்போது பொருந்தும் என்பதை இங்கே ஒப்பிடுகிறோம். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டச்சும்போது அவற்றின் மூல எழுத்திலேயே தட்டச்ச வேண்டும்.

பட்டை யாரை அளக்கிறது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். எதையும் மாற்றாத தாள் 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம். ஓரங்கள் போக வரைசட்டத்துக்கு, அதாவது படம் வரையப்படும் பெட்டிக்கு, ஒதுக்கப்படும் இடம் 4.96 அங்குலத்துக்கு 3.70 அங்குலம். கலர்பார் வந்ததும் அந்த அகலத்தில் 15 வீதத்தைப் பட்டைக்கும் 5 வீதத்தை இடைவெளிக்கும் எடுத்துக்கொள்ளும். முதலாவதன் பெயர் ஃபிராக்‌ஷன், இரண்டாவதன் பெயர் பேட். படத்துக்கு மிஞ்சுவது 3.97 அங்குல அகலம். இம்ஷோ கட்டங்களைச் சதுரமாகவே வைத்திருக்கும் என்பதால் படத்தின் உயரம் அதில் மூன்றிலொன்று, 1.32 அங்குலம். பட்டையோ ஒதுக்கிய இடத்தின் முழு உயரமான 3.70 அங்குலத்துக்கு எழும்பும். ஏறத்தாழ 2.8 மடங்கு.

ஆளை அளக்காமல் அலுமாரியை அளந்து சட்டை தைத்த கதைதான். பட்டை படத்தை அளக்கவில்லை, படத்துக்கு ஒதுக்கிய அறையை அளந்திருக்கிறது. கீழே வரும் வழிகளுக்குள் உண்மையான வேறுபாடு இது ஒன்றுதான்: சில வழிகள் அறையை அளக்கின்றன, சில தாளை அளக்கின்றன, சில வரைந்து முடிந்த படத்தை அளக்கின்றன.

இதே காரணத்தால்தான் பிகலர்மெஷ் கட்டளையால் வரைபவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. அது படத்தை அறை முழுக்க இழுத்து நிரப்பிவிடும். அறையும் படமும் ஒன்றாகிவிடும். ஆழத்துக்கும் நாளுக்கும் எதிரே கடல் வெப்பநிலையைக் காட்டுகிற குறுக்குவெட்டுப் படங்களுக்கு அது போதும், இக்கட்டுரை தேவையில்லை. நிலப்படத்தில் மட்டும் அப்படி இழுக்கக்கூடாது, குடாவின் வடிவம் கெட்டுவிடும். திருகோணமலை அகலாங்கில் ஒரு பாகை நெட்டாங்கு ஒரு பாகை அகலாங்கை விட ஒரு வீதம் அளவுக்குத்தான் குறுகியது. ஆகவே சம அளவு என்று வைத்தாலே போதும். துல்லியம் வேண்டுபவர் இம்ஷோவின் அஸ்பெக்ட்டை 1.011 என்று கொடுக்கலாம்.

எளிய வழி: பட்டையைக் கீழே படுக்கவைப்பது

கட்டளைகளுக்குள் நுழையுமுன் இதைச் செய்து பாருங்கள். லொகேஷன் என்ற இடத்தில் பொட்டம் என்று கொடுத்தால் பட்டை படத்துக்குக் கீழே கிடையாக வரும். இப்போது அது உயரத்திலிருந்துதான் பங்கு எடுக்கும், அகலத்தைத் தொடாது. நம் அகலப் படம் 4.96 அங்குலம் முழுவதையும் நிரப்பும், பட்டையும் அதே 4.96 அங்குலம். ஓர் எண்ணைக்கூட மாற்றாமல் இரண்டும் நுனிக்கு நுனி பொருந்தும். கிடைப் பட்டைக்கு இடைவெளி தானாகவே 15 வீதம் என்பதால் நெட்டாங்கு எண்களும் அச்சின் பெயரும் இடிபடாமல் அடங்கும்.

அகலமான படத்துக்குக் கீழே, நெடிய படத்துக்குப் பக்கத்தில். இலங்கை முழுவதையும் வரைகிறீர்கள் என்றால் அது நெடிய படம். உயரம்தான் முதலில் முட்டும். வலப்பக்கப் பட்டை எந்தத் திருத்தமும் இல்லாமல் பொருந்திவிடும். படம் எந்தத் திசையில் அறையை நிரப்புகிறதோ அந்தத் திசைக்கு இணையாகப் பட்டையை வைத்தால் பாதிப் பேருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் எல்லாரும் கீழே வைக்க முடியாது. வழிகாட்டும் ஆசிரியர் வலப்பக்கம்தான் வேண்டும் என்பார். அல்லது ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு படம் அடுக்க வேண்டியிருக்கும். அப்போது மற்ற வழிகள்.

ஷ்ரிங்க்கும் மந்திர எண்ணும்

ஷ்ரிங்க் என்பது பட்டையின் நீளத்தைப் பெருக்கும் எண். 1.32ஐ 3.70ஆல் வகுத்தால் 0.36. அதைக் கொடுத்தால் உயரம் பொருந்திவிடும், ஆனால் பட்டை நூல்போல மெலிந்துவிடும். பட்டையின் அஸ்பெக்ட் என்பது (இம்ஷோவின் அஸ்பெக்ட் வேறு) நீளத்துக்கும் தடிப்புக்குமான விகிதம், அது 20இலேயே நிற்கிறது, 1.32 அங்குல நீளத்துக்கு 0.066 அங்குலத் தடிப்பு, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அச்சில் நிறம் தெரியாது. ஷ்ரிங்க்கைக் குறைத்தால் அஸ்பெக்ட்டையும் 8 அளவுக்குக் குறைக்க வேண்டும். பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பிரபலமான விடை ஃபிராக்‌ஷன் 0.046, பேட் 0.04. ஏன் அந்த எண் என்று யாரும் சொல்வதில்லை, மந்திரம்போலக் கையிலிருந்து கைக்குப் போகிறது. விளக்கம் எளிது. பட்டைக்கு அகலத்தின் 0.046 பங்கு கிடைக்கிறது. அஸ்பெக்ட் 20 என்பதால் அதன் நீளம் 20 தடவை 0.046, அதாவது 0.92ஐத் தாண்ட முடியாது. படத்துக்கு மிஞ்சுவது 1இலிருந்து இரண்டு எண்ணையும் கழித்த 0.914. சதுரப் படத்தில் உயரமும் அதுவே. 0.92உம் 0.914உம் கண்ணுக்கு ஒன்றுதான். ஆக இது சதுரப் படத்துக்கான எண். நம் மூன்றுக்கு ஒன்று படத்தில் அப்படியே போட்டால் பட்டை மீண்டும் உயர்ந்துதான் நிற்கும்.

படம் சதுரமில்லை என்றால் ஃபிராக்‌ஷனைப் படத்தின் உயர அகல விகிதத்தால் பெருக்கு என்று சொல்வோரும் உண்டு. நீளம் பொருந்தும், ஆனால் 0.046இன் மூன்றிலொன்று 0.0153, தடிப்பு 0.076 அங்குலம். திரும்பவும் நூல். நாம் சொல்வது, ஃபிராக்‌ஷனை விட்டுவிட்டு அஸ்பெக்ட்டை மாற்றுங்கள் என்பதே. படத்தின் உயரத்தை அகலத்தால் வகுத்து, அதை 0.914ஆல் பெருக்கி, 0.046ஆல் வகுத்தால் வருவதே தேவையான அஸ்பெக்ட். நம் படத்துக்கு 6.6. பட்டை படத்தின் உயரத்துக்கே நிற்கும், தடிப்பு 0.23 அங்குலம், நல்ல அளவு.

இந்த வழியின் நிறை, புதிதாக எதையும் இறக்குமதி செய்ய வேண்டாம், ஒரே வரி. குறை, பட்டை இன்னமும் அறையைத்தான் அளக்கிறது. நாம்தான் கணக்குப் போட்டு ஏமாற்றியிருக்கிறோம். தரவின் எல்லையை மாற்றினால் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

இன்செட்_அக்சஸ்: எங்கள் முதல் தெரிவு

ஒற்றைப் படத்துக்கு இதையே பரிந்துரைக்கிறோம். மட்பிளொட்லிப் 3.0இலிருந்து வரைசட்டத்துக்கே இன்செட்_அக்சஸ் என்ற செயல் உண்டு. அதற்கு நான்கு எண் கொடுக்க வேண்டும்: இடது, கீழ், அகலம், உயரம். எல்லாம் வரைந்து முடிந்த படத்தின் அளவில். 1.02, 0, 0.03, 1 என்று கொடுத்தால், படத்தின் வல விளிம்பைத் தாண்டி 2 வீதம் தள்ளி, அடியிலிருந்து, 3 வீத அகலத்தில், படத்தின் முழு உயரத்துக்கு ஒரு சிறு சட்டம் வரும். அதை கலர்பாருக்கு சிஅக்ஸ் என்ற பெயரில் கொடுத்துவிடுங்கள். சன்னலை இழுத்தாலும், குடாவுக்குள் பெரிதாக்கிப் பார்த்தாலும் பட்டை படத்தோடேயே நீளும், குறுகும். முழு உயரம் வேண்டாம், நடுவில் அறுபது வீதம் போதும் என்றால் கீழ் 0.2, உயரம் 0.6.

இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, சிஅக்ஸ் கொடுத்துவிட்டால் ஷ்ரிங்க், அஸ்பெக்ட், ஃபிராக்‌ஷன், பேட் எதுவும் எடுபடாது. பிழைச் செய்தியும் வராது. 0.5 போட்டேன், 0.3 போட்டேன், அசையவில்லை என்று மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவோர் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருப்பார்கள். இரண்டு, இது படத்திடமிருந்து இடம் எடுப்பதில்லை; வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நம் அகலப் படத்தில் தாளின் வல ஓரம் 0.64 அங்குலம்தான். இடைவெளி 0.1, பட்டை 0.15 போனால் மிச்சத்தில் ஆழத்தின் நாலிலக்க எண்கள், கழித்தற்குறியோடு, முழுதாக அடங்கா. தாளைத் தொடங்கும்போதே லேஅவுட் என்ற இடத்தில் கன்ஸ்ட்ரெயின்ட் என்று கொடுத்துவிட்டால் அதுவே ஓரத்தை ஒதுக்கித் தரும். சேமிக்கும்போது பிபொக்ஸ்_இஞ்சஸ் டைட் என்று கொடுப்பதும் எண்களைக் காப்பாற்றும், ஆனால் கோப்பின் அளவு மாறிவிடும். 85 மில்லிமீட்டர் அகலம்தான் ஏற்போம் என்கிற ஆய்விதழுக்கு அனுப்புகிறவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

அப்பெண்ட்_அக்சஸ்: அங்குலத்தில் பேசுபவர்களுக்கு

பழைய விடைகளில் அதிகம் காண்பது மேக்_அக்சஸ்_லொகேட்டபிள். படத்தின் சட்டத்தைப் பங்கிடும் ஒரு பொருளை அது தரும். அதில் அப்பெண்ட்_அக்சஸ் மூலம் வலப்பக்கம், சைஸ் 5 வீதம், பேட் 0.05 என்று சேர்ப்பார்கள். கவனிக்க வேண்டியது: இந்த பேட் அங்குலத்தில். கலர்பாரின் பேட் பங்கில். பெயர் ஒன்று, அலகு வேறு. கலர்பாரில் பழகியவர் இங்கே 0.05 என்றதும் மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளிதான் வரும்.

இதன் உண்மையான பலத்தைப் பலர் பயன்படுத்துவதில்லை. சைஸையும் வீதத்துக்குப் பதில் வெறும் எண்ணாகக் கொடுத்தால் அது அங்குலம். சைஸ் 0.15, பேட் 0.1 என்று அறிக்கை முழுவதும் வைத்தால், அகலப் படமோ நெடிய படமோ, எல்லாப் பட்டையும் ஒரே தடிப்பில் இருக்கும். இன்செட்_அக்சஸில் 3 வீதம் என்பது படத்துக்குப் படம் மாறும். இருபது படம் கொண்ட ஆய்வறிக்கையில் இந்த ஒழுங்கு கண்ணில் படும்.

சிக்கலும் உண்டு. கார்டோபை என்ற நிலப்பட நூலகம் கொண்டு வரைபவர்களுக்கு இது முதலில் பிழை எறியும். பக்கத்தில் சேர்க்கும் சட்டத்தையும் நிலப்படச் சட்டமாகவே உருவாக்க முயல்வதுதான் காரணம். அக்சஸ்_கிளாஸ் என்ற இடத்தில் சாதாரண அக்சஸ் வகுப்பைக் கொடுத்தால் தீரும். அதோடு, இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒன்றுக்கு மட்டும் பட்டை சேர்த்தால் அந்தப் படம் மட்டும் சிறுத்துவிடும். மற்றதுக்கும் அதே அளவில் ஒரு சட்டம் சேர்த்து அதை மறைத்துவிடலாம்; அழகில்லை, ஆனால் வேலை செய்யும்.

கையால் வைப்பது

ஆட்_அக்சஸ் தாளை அளக்கும். சப்பிளொட்ஸ்_அட்ஜஸ்ட்டில் வல எல்லையை 0.85க்கு இழுத்து, 0.88, 0.15, 0.02, 0.7 என்று ஒரு சட்டம் வைத்து அதில் பட்டையை ஊற்றலாம். படத்தின் இடத்தை கெட்_பொசிஷன் மூலம் கேட்டு அதே உயரத்தைக் கொடுத்தால் சரியாகவும் பொருந்தும். ஆனால் கேட்ட நொடியில் இருந்த அளவு அது. பிறகு சன்னலை இழுத்தால் படம் நகரும், பட்டை நகராது. கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்டோடு கலக்கவும் கூடாது. தானியங்கி ஒழுங்கு இந்தச் சட்டத்தைக் கணக்கில் எடுக்காது, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். எல்லாம் முடிந்து, தாளின் அளவும் உறுதியான பிறகு, சுவரொட்டிக்கு ஒரு தடவை வைப்பதற்கு மட்டும்.

பன்னிரண்டு படத்துக்கு ஒரு பட்டை

கடற்பரப்பு வெப்பநிலையை மாதத்துக்கு ஒன்றாக மூன்று வரிசை, நான்கு நிரலில் வைக்கிறீர்கள். சோளகக் காலமும் வாடைக் காலமும் எப்படி மாறுகின்றன என்று காட்டத்தான் படமே. இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை வைப்பது இடவிரயம் மட்டுமல்ல, தவறான ஒப்பீட்டுக்கும் வழி. ஒவ்வொரு படமும் தன் குறைந்த, கூடிய அளவைத் தானே தெரிவுசெய்துகொண்டால் தை மாதத்துச் சிவப்பும் வைகாசிச் சிவப்பும் வெவ்வேறு வெப்பம். பொதுப் பட்டை வைக்குமுன், நிற எல்லையைத் தீர்மானிக்கும் ஒரே நோர்மலைஸ் பொருளை, 26 முதல் 31 பாகை என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டுக்கும் கொடுக்க வேண்டும். கடைசிப் படத்தை மட்டும் கலர்பாருக்குக் கொடுத்துவிட்டு மற்றவற்றின் எல்லையைச் சரிபார்க்காமல் விடுவதுதான் இந்த வகைப் படங்களில் ஆகப் பெரிய பிழை. பட்டையின் உயரம் பிழைத்தால் அழகுதான் கெடும், இது பிழைத்தால் முடிவே கெடும்.

இடம் வைக்க, கலர்பாரின் அக்ஸ் என்ற இடத்தில் பன்னிரண்டு சட்டத்தையும் பட்டியலாகக் கொடுத்தால் எல்லாவற்றிடமிருந்தும் சமமாக இடம் எடுக்கும். டைட்_லேஅவுட் என்ற தானியங்கி ஒழுங்கு இதற்கு ஒத்துவராது. பொருந்தாத சட்டங்கள் இருக்கின்றன என்று எச்சரித்துவிட்டுப் படங்களைப் பட்டையின்மேல் ஏற்றிவிடும். மட்பிளொட்லிப் 3.6இலிருந்து இருக்கும் கொம்பிரெஸ்ட் லேஅவுட்தான் இங்கே சரி. சம அளவுப் படங்களுக்கிடையே வீணாகும் வெள்ளையை அது நெருக்கிவிடும். பட்டையும் அந்த நெருங்கிய கூட்டத்தின் உயரத்துக்கே நிற்கும். பழைய பதிப்பை மாற்ற முடியாத ஆய்வுகூடக் கணினியில் இமேஜ்கிரிட் இதே வேலையைச் செய்யும், சிபார்_மோட் என்ற இடத்தில் சிங்கிள் என்று கொடுத்து.

எல்லையைத் தாண்டும் அளவுகளைக் காட்ட எக்ஸ்டெண்ட் மூலம் பட்டையின் நுனிகளில் முக்கோணம் வைத்தால் மொத்த நீளம் மாறாது, உள்ளிருக்கும் செவ்வகம்தான் குறுகும். ஒன்றில் முக்கோணம், பக்கத்துப் பட்டையில் இல்லை என்றால் எண்கள் ஒரே மட்டத்தில் நிற்கமாட்டா.

மற்ற மென்பொருட்கள்

நிலப்படம் வரையும் மென்பொருளான ஜிஎம்டியில் இந்தத் தலைவலி பிறப்பதே இல்லை. பட்டையை நிலப்படத்தின் விளிம்பிலிருந்து இத்தனை சென்ரிமீட்டர் தள்ளி, இத்தனை சென்ரிமீட்டர் நீளம் என்றுதான் சொல்வோம். ஆழப்படம் மட்டும்தான் வேலை என்றால் அதையே படிக்கலாம். ஆர் மொழியின் ஜிஜிபிளொட்2இல் 2024இல் வந்த 3.5.0 பதிப்பிலிருந்து விளக்கக்குறியின் உயரத்தை நல் என்ற அலகில் ஒன்று என்று கொடுத்தால் பட்டை படத்தின் உயரத்துக்கு நீளும். மட்லாப்பில் பட்டையின் பொசிஷனைக் கையால் மாற்றினால் லொகேஷன் தானாகவே மனுவல் ஆகிவிடும். பல படத்துக்குப் பொதுப் பட்டை வேண்டுமென்றால் டைல்ட்லேஅவுட்டில் அதை ஈஸ்ட் என்ற வலப்பக்க இடத்தில் வைப்பது மேல்.

நோட்புக்கில் சுருங்கிக்கொண்டே போகும் படம்

ஒரு வளையத்துக்குள், அல்லது ஒரே படத்தைப் புதுப்பிக்கும் நிரலில், ஒவ்வொரு முறையும் கலர்பாரை அழைத்தால் ஒவ்வொரு முறையும் அது படத்திடமிருந்து 20 வீதம் எடுக்கும். முதல் தடவை 0.8, அடுத்து 0.64, ஐந்தாவதில் 0.33. பட்டைகளும் வரிசையாக நிற்கும். பட்டையை ஒரு பெயரில் பிடித்துவைத்து அப்டேட்_நோர்மல் கொடுங்கள், அல்லது ரிமூவ் கொடுத்துவிட்டுப் புதிதாக வரையுங்கள்.

தரைக்கும் கடலுக்கும் வெவ்வேறு அளவு, கடைசியில் தமிழ்

திருகோணமலைப் பக்கம் தரை சில நூறு மீட்டருக்குள் அடங்கும், கடல் ஆயிரக்கணக்கில் இறங்கும். டூஸ்லோப்நோர்ம் கொண்டு பூச்சியத்தை நடுவில் வைத்தால் பட்டையின் பாதி தரைக்கும் பாதி கடலுக்கும் போகும். படத்துக்கு நல்லது, ஆனால் பட்டையில் 100 மீட்டர் தரையும் அதைப்போலப் பல மடங்கு ஆழமும் ஒரே நீளமாகத் தெரியும். வாசிப்பவர் ஏமாறாமலிருக்க, பட்டையின் வை அச்சின் அளவை லீனியர் ஆக்கலாம். அப்போது தரைப்பகுதி ஒரு சிறு துண்டாகிவிடும் என்பதால் அங்கே எண்களைக் கையால் தெரிவுசெய்து வைக்க வேண்டும்.

பட்டைக்குத் தமிழில் பெயரிட விரும்புவோருக்கு: மட்பிளொட்லிப்போடு வரும் டெஜாவு எழுத்துருவில் தமிழ் இல்லை, வெறும் பெட்டிகள்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைக் கொடுத்தாலும், எழுத்துகளை வரிசை மாற்றிக் கோக்கும் வேலையை, படத்தை வரைந்து தரும் வழக்கமான பின்புலம் 3.10 வரையான பதிப்புகளில் செய்வதில்லை. ‘வெப்பநிலை’ என்பதில் கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘ஆழம்’ பெரும்பாலும் தப்பிவிடும். எம்பிஎல்கெய்ரோ பின்புலம் சரியாகக் கோக்கும். அதை நிறுவ முடியாதவர்கள் பட்டையின் நீளவாட்டில் முழுப்பெயர் எழுதாமல், பட்டையின் தலையில் செட்_டைட்டில் கொண்டு ‘மீ’ என்று அலகை மட்டும் வைத்துவிட்டு, மீதியைப் படத்தின் அடிக்குறிப்பில் சொல்லலாம். வலப்பக்கத்தில் கொஞ்சம் இடமும் மிச்சமாகும்.